சுவருக்குப் போன சுண்ணாம்பு

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அந்த வருஷத்தைக் கல்யாண வருஷம் என்றுதான் சொல்வார்கள். நான் அதைச் சுண்ணாம்பு வருஷம் என்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. மாதங்களில் எனக்குக் குழப்பம் கிடையாது. நாள்காட்டியில் கிழித்த தாளின் முதுகில் அன்றைய மழையையும் முக்கியமான சங்கதியையும் எழுதி நூலில் கோத்து வைப்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் பழக்கம். கல்யாணம் நடந்தது ஆவணியில். அதற்கு முன்னால் பங்குனி முதல் ஆனி வரை நடந்தவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினாலும் ஒரு சிரிப்புக்காகத்தான் பேசுகிறார்கள். அந்தச் சிரிப்பு கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

என் அக்காவை நாட்றாம்பாளையத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கணவர் பெங்களூரில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்தார். மாதத்துக்கு ஒரு முறை வருவார், களி தின்பார், தூங்குவார், போவார். அவரிடம் எதைக் கேட்டாலும் “அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்பார். அந்த அண்ணன், அதாவது அக்காவின் மூத்தார்தான் குடும்பத்துக்குப் பெரியவர். மலைச்சரிவில் அவர்களுக்கு ஒரே சர்வே எண்ணில் இரண்டு துண்டு நிலம். கீழ்த் துண்டை மூத்தார் பார்த்துக்கொண்டார். மேல் துண்டு அக்காவின் பாடு. கிணறு இல்லை, வாய்க்கால் இல்லை. வானம் பெய்தால் ராகி, ஊடே அவரை, ஓரத்தில் கடுகு.

மேல் துண்டு சில வருஷமாகக் கெட்டுக்கொண்டே வந்தது. சரிவில் பெய்கிற ஒவ்வொரு மழையும் மண்ணின் சத்தைக் கரைத்துக் கீழே இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சத்தில் பாதி மூத்தாரின் துண்டில் போய்த் தங்கியது. மிச்சமிருந்த மேல் மண்ணில் வருஷா வருஷம் அம்மோனியா உரத்தைக் கொட்டினார்கள். முதல் வருஷம் பயிர் கருகருவென்று எழுந்து நின்றது. அடுத்த வருஷம் சோர்ந்தது. உரக்கடைக்காரர் இன்னும் கொஞ்சம் கூடப் போடச் சொன்னார். போட்டார்கள். மண் புளித்துப் போனது. ராகி முழங்காலுக்கு மேல் ஏற மறுத்தது. இலை ஓரம் ஊதா நிறத்தில் கருகியது. அவரைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் இருக்கவேண்டிய முடிச்சுகள் இல்லை, மொட்டையாக வந்தது. மழை விட்ட இரண்டாம் நாள் தரையில் பச்சைப் பாசி படர்ந்தது. ஓசூர் நூலகத்தில் மண்ணைப் பற்றிய புத்தகங்கள் அதிகம் இல்லை. இருந்தவற்றை எல்லாம் படித்துவிட்டு அக்காவிடம் சொன்னேன்: மண்ணின் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புதான் வழி. விதைக்கும்போது தூவினால் பலன் குறைவு. ஆடி விதைப்புக்கு ஓரிரு மாதம் முன்பே தூவி, கோடை மழையின் ஈரத்தில் உழுது மண்ணோடு கலந்துவிட வேண்டும்.

அவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதுபோலத் தலையாட்டினாள். அவளுக்கு இருந்த கவலை வேறு. மூத்தார் மாசியிலேயே சொல்லிவிட்டார்: “இந்த ஆடிப் பட்டமும் வெளங்கலன்னா மேல் துண்டத் தைல மரத்துக்காரனுக்கு விட்டுரலாம். அவன் வெட்டி எடுக்கிற வரைக்கும் நமக்குத் தொல்ல இல்ல.” குத்தகைக்காரன் ஏற்கெனவே வந்து சரிவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். மரம் நட்டால் பத்து வருஷத்துக்கு அந்த மண்ணை மறந்துவிட வேண்டியதுதான்.

“மரத்த நட்டுட்டா அப்புறம் எனக்கு இந்த ஊர்ல இன்னா வேல?” என்றாள் அக்கா. “அவுரு மாசத்துக்கு ஒரு வாட்டி வராரு. நான் இவுங்க வூட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு ஒக்காந்திருக்கணுமா?”

ஆக அந்த வருஷம் நடக்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆடிக்கு முன்னால் மேல் துண்டுக்குச் சுண்ணாம்பு போய்ச் சேரவேண்டும்.

பங்குனி கடைசியில் அரசாங்கத்தின் மண் பார்க்கிற வண்டி அந்தச் சிற்றூருக்கு வந்தது. நான் வேலை பார்த்த ஓசூர் தொழிற்சாலையில் எனக்கு வார விடுமுறையை மாற்றிக்கொடுத்திருந்த சமயம், அதனால் நானும் அங்கே இருந்தேன். மாரியம்மன் கோயிலுக்கு எதிரே வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, மேசை போட்டு, கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். மண்ணைக் குழாயில் போட்டு, நீரும் ஒரு சாயமும் ஊற்றிக் குலுக்கி வைப்பார்கள். மண் கீழே படிந்ததும் மேலே நிற்கிற நீரின் நிறம் சொல்லிவிடும். சிவப்பும் ஆரஞ்சும் என்றால் புளிப்பு. பச்சை என்றால் சரியான மண். நீலம் என்றால் புளிப்புக்கு நேர் எதிர். புளிப்பு என்று தெரிந்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டு, அவர்களுக்குச் சுண்ணாம்புத் தூள் மூட்டை கொடுப்பதாக ஏற்பாடு.

இவ்வளவு எளிய காரியம். ஆனால் வண்டியோடு வந்த அலுவலருக்கு உரத்த குரல். ஒவ்வொரு குழாயையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, “புளிப்பு! யாருது இது?” என்று கேட்பார். ஊரே சிரிக்கும். “உன் மண்ணுல ரசம் வெக்கலாம் போலக்கீதுப்பா” என்று ஒருவர் சொல்ல, மண்ணுக்குச் சொந்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டு பெயரைக் கொடுத்துவிட்டு நழுவுவார். மண் பரிசோதனை என்பது யார் வீட்டுப் பெண் அழகு என்று பார்க்கிற போட்டியாகிவிட்டது. ஆட்கள் வீட்டுக்கு ஓடினார்கள். நிலத்துக்கு அல்ல, வீட்டுக்கு. மாட்டுக்கொட்டகையின் பின்புறம் கறுத்துக் கிடக்கும் மண்ணை ஒருவர் அள்ளிவந்தார். ஒருவர் ஏரி வண்டலைக் கொண்டுவந்தார். காய்ந்த சாணித் துணுக்குகள் மிதக்கிற குழாயை அலுவலர் கூச்சமில்லாமல் தூக்கிக் காட்டி “அருமையான மண்ணு” என்றார். என் பக்கத்தில் நின்றவர் கைதட்டினார்.

மூத்தார் கடைசியில் வந்தார். புதுத் துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அவிழ்த்தால் மாவு சல்லடையில் சலித்தது போல் நைசான, சாம்பல் நிற மண்.

“இது மண்ணா விபூதியா?” என்று யாரோ கேட்டார்கள்.

குழாயில் நீர் நீலமாக நின்றது. அன்று அந்த ஊரில் அவ்வளவு நீலம் வேறு யாருக்கும் வரவில்லை. அலுவலர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இந்த மலப் பக்கத்துல இப்புடி ஒரு மண்ண நான் பாத்ததே இல்லீங்க. ஒங்க நெலத்துக்குச் சுண்ணாம்பே வேணாம்.” மூத்தார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். மண்வெட்டியே பிடிக்காதவர் போல அவ்வளவு மினுமினுப்பான முகம்.

அதற்குள் அக்கா மேல் துண்டிலிருந்து இறங்கி வந்தாள். முறத்தில் செம்மண். நேரே மேசைக்குப் போய், “சார், இதத்தான் பாக்கணும். இதான் எங்க மேல் துண்டு மண்ணு” என்றாள்.

அலுவலர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துக் குழாயில் போட்டுக் குலுக்கினார். ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு நிறம் வந்தது.

“அது செங்கல் சூளைப் பக்கத்து மண்ணுங்க சார்” என்றார் மூத்தார். “பொம்பள, தெரியாம அள்ளிக்கினு வந்துட்டா.”

“மாமா, எங்க நெலத்து மண்ணுன்னு தெரிஞ்சிக்கினே சொல்றீங்களே” என்றாள் அக்கா.

நான் குறுக்கிட்டேன். “சார், ஒரே சர்வே நம்பர்ல நீலமும் செவப்பும் வருமா? வாங்க, நிலம் பக்கத்துலதான் இருக்குது. நீங்களே ஒரு கை அள்ளிப் பாருங்க.”

அலுவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. நீலம் பொய் என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் அந்தச் சரிவில் வெயிலில் ஏறிப்போக வேண்டும், பெயர் கூடினால் மூட்டை கூடும், மூட்டை கூடினால் மலை மேல் ஏற்றுவது அவர் தலையில். “ஒரு சர்வே நம்பருக்கு ஒரு வாட்டிதான் பாக்கறது. ஒங்க குடும்பத் தகராற வூட்ல வெச்சுக்குங்க” என்று சொல்லி அக்காவின் குழாயை வேப்பமரத்தடியில் கவிழ்த்தார். சிவந்த நீர் வேரோரமாக ஓடியது. மதியம் அவர் மூத்தார் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

மாலையில் மூத்தார் என்னைத் தனியே அழைத்தார். சமாதானம் சொல்கிற குரல். “மச்சான், நீங்க படிச்சவரு. எங்க பொண்ணுக்குப் பாகலூர்லேருந்து வரன் வந்துருக்குது. பையன் கம்பெனில வேல. வைகாசியில வூட்டையும் நெலத்தையும் பாக்க வராங்க. இந்த நேரத்துல ஊரு நடுவுல நின்னு, எங்க நெலம் நோவு புடிச்ச நெலம்னு ஒருத்தன் கூவலாமா?”

“அதுக்காக அடுப்புச் சாம்பலக் கலந்தீங்களா?”

“கொஞ்சூண்டுதான்” என்றார். வெட்கமே இல்லாமல் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார்.

அரசு மூட்டை இல்லை என்றாகிவிட்டது. சந்தையில் சுண்ணாம்பு வாங்கி நிலத்துக்குப் போடுகிற வசதி அக்காவுக்கு இல்லை. எனக்கும் இல்லை. அப்போது நான் ஓசூர் தொழிற்பேட்டையில் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வெல்டிங் கேஸ் தயாரிக்கும் சிறிய கொட்டகை ஒன்று இருந்தது. கார்பைடு கற்களைத் தண்ணீரில் போட்டு கேஸை எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சுகிற வெள்ளைச் சேற்றைப் பின்புறக் குழியில் விடுவார்கள். அந்தச் சேறு வேறொன்றும் இல்லை, நீற்றின சுண்ணாம்புதான். ஊரில் வெள்ளையடிக்கிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதன் நாற்றம். அழுகின பூண்டை அழுகின முட்டையோடு சேர்த்து ஈரச் சாக்கில் கட்டி வைத்தது போல இருக்கும். குழிக்கு அருகே போனால் மூக்கில் ஏறாது, நேரே தொண்டையில் போய் உட்காரும். கொட்டகையின் மேற்பார்வையாளர் என்னைக் கும்பிடாத குறையாக, “அள்ளிட்டுப் போங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்றார். சித்திரை முழுவதும் விடுமுறை நாள்களில் அதை அள்ளி, கொட்டகைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பரப்பி, மண்வெட்டியால் கிளறிக் காயவைத்தேன். காயக் காய நாற்றம் குறையும். குறையும், போகாது. என் சட்டையிலும் தலைமுடியிலும் அது குடியேறியது. குடியிருந்த வீட்டுக்காரம்மா என் துணிகளைத் தனிக் கொடியில் போடச் சொன்னார். காய்ந்ததில் ஒரு சிட்டிகையை மஞ்சள் கரைத்த நீரில் போட்டுப் பார்த்தேன். ஆரத்தி போலச் சிவந்தது. சுண்ணாம்புதான், சந்தேகமில்லை.

மூட்டை கட்டி ஏற்ற ஒரு லாரியும் கிடைத்தது. மலைப் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிவந்து ஓசூர் மண்டியில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிற வண்டி. ஓட்டிவந்தவர் தேன்கனிக்கோட்டைக்காரர், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டைகளை ஏற்றும்போது அவர் தோளில் கிடந்த துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“சார், உள்ள பொணம் எதுவும் இல்லையே?”

“சுண்ணாம்பு, பாய்.”

“இதத் தடவி வெத்தல போட்டீங்கன்னா பொஞ்சாதி வூட்டுக்குள்ள சேக்க மாட்டா சார்.”

வழி நெடுக அவர் தலையை வெளியே நீட்டியபடிதான் வண்டியை ஓட்டினார். அஞ்செட்டி மலைப்பாதையின் திருப்பங்களில் அது எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கூலி என்று எதுவும் வாங்க மறுத்துவிட்டார். “நெலத்துக்குப் போறதுக்குக் காசு வாங்கக்கூடாது” என்றார். அந்த வருஷத்தில் நினைக்க அருவருப்பில்லாத மனிதர் அவர் ஒருவர்தான்.

அக்கா மூட்டையைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டாள். வெள்ளை மாவு விரலிடுக்கில் உதிர்ந்தது.

“நாறுதுக்கா” என்றேன்.

“நாறட்டும். எருக்குழி மட்டும் மணக்குதா? ரெண்டு மழ பேஞ்சா போயிரும்.” பல வருஷத்துக்குப் பின் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியைப் பார்த்தேன். வைகாசி முதல் வாரம் அது. நல்ல கோடை மழை ஒன்று விழுந்திருந்தது, மண்ணில் ஈரம் இருந்தது. அன்றே தூவி உழுதிருக்கலாம்.

ஏரும் மாடும் மூத்தாருடையவை. அவர் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். “இப்ப வேணாம். மேல் துண்ட வெள்ளையாத் தூவி வெச்சா பஸ்ஸ விட்டு எறங்கும்போதே தெரியும். இன்னாத்துக்குத் தூவியிருக்குதுன்னு கேப்பாங்க. இன்னாத்தச் சொல்றது? அவுங்க வந்துட்டுப் போகட்டும். மறுநாளே நானே ஏர் பூட்டித் தரேன்.”

“மறுநாளே, மாமா?” என்று கேட்டாள் அக்கா.

“மறுநாளே. அதுவரைக்கும் மூட்டைங்க என் வண்டிக் கொட்டாயில நனையாமக் கெடக்கட்டும்.”

அக்காவின் வீட்டில் மூட்டை வைக்க இடமில்லை. ஓரிரு வாரம்தானே என்று ஒப்புக்கொண்டாள். மாடு அவரிடம் இருக்கும்போது ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வது?

பெண் பார்க்கிற அன்று காலை முதல் பேருந்தில் போய் இறங்கினேன். முந்தின நாள் தூறல் விழுந்து காற்று கனமாக இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டும்போதே அந்த நாற்றம். அக்கா முந்திக்கொண்டு தூவிவிட்டாள் போல என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். நிமிர்ந்து மேல் துண்டைப் பார்த்தேன். சிவப்பாகவே கிடந்தது. திரும்பி மூத்தார் வீட்டைப் பார்த்தேன்.

வீடு வெள்ளைவெளேரென்று நின்றது. உள் சுவர், வெளிச் சுவர், மதில், துளசி மாடம், மாட்டுக்கொட்டகைத் தூண், வாசலுக்கு வருகிற பாதையின் இரு பக்கமும் வரிசை வைத்த கற்கள், எல்லாம் வெள்ளை. ஒரு தென்னை மரத்துக்கு இடுப்பளவு வெள்ளை பூசியிருந்தார்கள். வண்டிக் கொட்டகையில் காலிச் சாக்குகள் மடித்து அடுக்கியிருந்தன. ஈரச் சுவர்களிலிருந்து அழுகின பூண்டு கிளம்பி வந்துகொண்டிருந்தது. உள்ளே சாம்பிராணி போட்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து, செத்த வீட்டின் மூன்றாம் நாள் போலிருந்தது.

மூத்தார் புது வேட்டியில் எதிரே வந்தார். “வாங்க மச்சான். ரெண்டு கோட்டு அடிச்சாச்சி. சந்தச் சுண்ணாம்பு இந்த வெளுப்பு வராது பாருங்க.”

“அது நிலத்துக்குக் கொண்டுவந்ததுங்க மாமா.”

“சும்மாதான கெடந்துச்சி. இன்னொரு நட கொண்டாந்துரலாம். ஒங்களுக்கு இன்னா, ஓசிதான.”

அக்கா பின்கட்டில் விருந்துக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் பாளம் பாளமாக வெடித்துச் சிவந்திருந்தன. வெங்காயச் சாறு படும்போதெல்லாம் கையை உதறினாள்.

“யாருக்கா கலக்குனது?”

“நான்தான்” என்றாள். “வூட்ல வேற யாரு இருக்காங்க? தொட்டியில கொட்டிக் கலக்கிக் குடுன்னாரு. சாக்க ஒதறி மடிச்சு அடுக்கச் சொன்னாரு. அதையும் செஞ்சேன்.” அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அவளுடைய நிலத்துக்கு வந்ததை அவள் கையாலேயே கலக்க வைத்து, அவளுடைய நிலத்தை இல்லாமல் ஆக்கப்போகிற வீட்டுக்குப் பூசியிருக்கிறார்கள். பூசியவர் வாசலில் நின்று சந்தனம் கரைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. பாகலூர்க்காரர்கள் வேனிலிருந்து இறங்கியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள் என்பதுதான் அது. இப்படி ஆசைப்பட்டதில் எனக்கு வெட்கம் இல்லை.

பத்துப் பேர் போல வந்தார்கள். தங்களுக்குள் கன்னடத்திலும் தெலுங்கிலும், எங்களோடு தமிழிலும் பேசினார்கள். பையனின் தாய் வீட்டை அண்ணாந்து பார்த்து “சென்னாகிதே” என்று கன்னடத்தில் மெச்சினார். பையனின் தாய்மாமன் வயலில் வாழ்ந்த ஆள் என்று கால் நகத்திலேயே தெரிந்தது. அவர் சுவரை நெருங்கி மூக்கை வைத்து முகர்ந்தார். மூத்தார் சந்தனக் கிண்ணத்தோடு அவர் பக்கம் ஓடினார்.

“கார்பைடு சுண்ணாம்பா?” என்று கேட்டார் தாய்மாமன்.

“ஆ... ஆமாங்க.”

“எங்க வூட்டுக்கும் இதான் அடிச்சோம். ஒரு மாசத்துக்குச் சோறு எறங்காது. அப்புறம் பழகிரும். எங்க ஊரு பக்கம் கம்பெனிங்க வந்தப்புறம் இதெல்லாம் எங்களுக்கு வாசன மாதிரி.”

எல்லாரும் சிரித்தார்கள். மூத்தார் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது. பலகாரம் சாப்பிட்டார்கள். அந்தக் காற்றில் அவர்களால் எப்படி விழுங்க முடிந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பிறகு நிலம் பார்க்கக் கிளம்பினோம். கீழ்த் துண்டைச் சீக்கிரம் காட்டிவிட்டுத் திரும்பிவிட மூத்தார் முயன்றார். ஆனால் தாய்மாமன் வரப்பேறி மேல் துண்டுக்குப் போய்விட்டார். அக்காவும் பின்னாலேயே போனாள்.

அவர் குந்தி உட்கார்ந்தார். விரலால் மேல் மண்ணைக் கீறினார். பாசியைச் சுரண்டி முகர்ந்தார். போன பட்டத்தின் அவரைக் கட்டை ஒன்றைப் பிடுங்கி வேரைத் திருப்பிப் பார்த்தார்.

“மண்ணு புளிச்சிப் போயிக்குதே” என்றார்.

பங்குனியிலிருந்து மூத்தார் சாம்பல் கலந்தும் மூட்டையை மறைத்தும் காத்து வந்த ரகசியம் இவ்வளவுதான். தாய்மாமன் அதை வெற்றிலை எச்சிலைத் துப்புவதுபோலச் சொல்லிவிட்டு எழுந்தார்.

“எங்களுதும் இப்புடித்தான் இருந்துச்சி. அந்தக் கார்பைடு மண்ணத்தான் வண்டி வண்டியா அடிச்சி ஓட்டுனோம். இப்ப ராகி இடுப்புக்கு நிக்குது. எந்த நெலத்துக்குத்தான் புளிப்பு வராது?” கீழே வெயிலில் கண்ணைப் பறிக்கிற வீட்டைப் பார்த்தார். தென்னை மரத்தையும் பார்த்தார். “அதான் கையிலயே வெச்சிருந்தீங்களே. ஏன் இங்க போடல?”

“போடணும்” என்றார் மூத்தார். “மொதல்ல வூட்டுக்குன்னு...”

“செவுத்துல ராகி வெதைக்கப் போறீங்களா?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நான் முதலில் சொன்ன சிரிப்பு அதுதான். இன்றும் வீட்டு விசேஷங்களில் யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள், எல்லாரும் சிரிப்பார்கள், மூத்தாரும் சேர்ந்து சிரிப்பார். அவமானத்துக்குப் பயந்து இவ்வளவும் செய்த மனிதருக்குக் கடைசியில் அது அவமானமாகவே படவில்லை, சம்பந்தி வீட்டு வேடிக்கையாகப் போய்விட்டது. அன்று சிரிக்காதவள் அக்கா ஒருத்திதான். அந்த அவரைக் கட்டையைக் கீழே கிடந்த இடத்திலிருந்து எடுத்து, குழி தோண்டி, திரும்ப மண்ணுக்குள் அழுத்தினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஆனி முதல் வாரம் மறுபடியும் குழிக்குப் போனேன். துடைத்து எடுத்ததுபோல் இருந்தது. பள்ளிக்கூடங்கள் திறக்கிற நேரம் என்று வெள்ளையடிக்கிறவர்கள் மொத்தமாக அள்ளிப் போயிருந்தார்கள். அடுத்து ஊறி வந்த சேற்றைப் பரப்பினேன். மழை பிடித்துக்கொண்டது. காயாத சேற்றில் புழு நெளிவதுபோல் குமிழி விட்டது. அதை லாரியில் ஏற்ற முடியாது, நிலத்தில் தூவவும் முடியாது. மறுநாளே ஏர் பூட்டித் தருவதாகச் சொன்ன மூத்தாரின் மாடுகள் கல்யாண விறகு இழுத்துக்கொண்டிருந்தன. கணவர் பெங்களூரிலிருந்து வந்து, “அண்ணன் அடுத்த வருசம் பாத்துக்கலாம்னாரு” என்று சொல்லிவிட்டுத் தூங்கினார்.

ஆடியில் அக்கா புளித்த மண்ணிலேயே விதைத்தாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் போனேன், மொய் எழுதினேன், சாப்பிடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து எழுந்தபோது என் சட்டை முதுகெல்லாம் வெள்ளை. கார்த்திகையில் மேல் துண்டின் ராகி முழங்காலுக்குக் கீழே ஊதா நிறத்தில் நின்றது. கதிர் என்று சொல்லக்கூடியது எதிலும் இல்லை.

ராகி நன்றாக விளைந்த இடம் ஒன்று இருந்தது. மூத்தார் வீட்டுப் பின்சுவரின் அடியில், சுண்ணாம்புத் தொட்டியைக் கழுவிக் கொட்டிய இடத்தில், களத்திலிருந்து சிதறிய ராகி தானாக முளைத்திருந்தது. மழை சுவரைக் கழுவிக் கழுவி அதன் வேருக்கு ஊற்றியிருக்கிறது. இடுப்பளவு உயரம், கரும்பச்சை, கைவிரல் மடக்கியதுபோல் கனத்த கதிர்கள். மார்கழியில் நான் போனபோது அக்கா அதை அறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷத்து விளைச்சல் மொத்தமும் அவள் மடியில் அடங்கியது.

மேலே சரிவில் குத்தகைக்காரனின் ஆட்கள் தைல மரக் கன்றுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரை கல்லில் படுகிற சத்தம் வீடு வரை கேட்டது. மூத்தார் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். சுவர் மழையில் வெளிறி, செம்மண் தெறித்துத் திட்டுத் திட்டாக இருந்தது.

“மச்சான், பொங்கல் வருது. ஒரு கோட்டு அடிச்சாத்தான் நல்லாருக்கும். அந்தச் சுண்ணாம்பு இப்பக் கெடைக்குதா?”

அக்கா மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“கெடைக்கும் மாமா. கலக்கறதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க.”

“ஏம்மா, நீ எங்க போற?”

“மேல மரம் வெக்கறீங்க. எனக்கு இங்க இன்னா வேல?” என்றாள்.

மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் அவள் ஒரு தகரப் பெட்டியோடு ஓசூருக்கு வந்தாள். என் தொழிற்சாலையின் கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. அந்த மடி ராகியை அரைத்துக்கொண்டு வந்திருந்தாள். வேலையின் முதல் நாள் கேன்டீன் அடுப்பில் அதில்தான் களி கிண்டினாள். தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கத்துக் குழியிலிருந்து காற்று அடித்தது. நான் ஒரு கவளம் எடுத்தேன், திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவள் தன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, என் தட்டையும் இழுத்துக்கொண்டாள்.